வற்றிய மாடும் தின்னும்

என் தங்கை மகன் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாட்டுப் பண்ணை வைக்கப் போகிறானாம். கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, பத்து மாடு. மாட்டுக்குப் பன்னிரண்டு லிட்டர். லிட்டர் 38 ரூபாய். மாசம் 1,36,800. தீவனத்துக்குப் பாதி போனாலும் அறுபதாயிரம் கையில நிக்கும்."

இதே தாளை வெவ்வேறு கையெழுத்தில் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். டீக்கடையில் சொல்கிறார்கள், கைபேசி வீடியோவில் சொல்கிறார்கள், கடன் விண்ணப்பத்தோடு இணைக்கும் திட்ட அறிக்கையிலும் எழுதுகிறார்கள். கறவை மாடு கட்டினால் தினமும் காசு என்ற இந்த நம்பிக்கை தவறு. இதை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் இரண்டே வருஷத்தில் மாட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டதை எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு லிட்டர் என்பது கன்று போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் கிடைக்கும் உச்சக் கறவை. அதன்பிறகு மாதாமாதம் இறங்கும். உச்சத்தை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈத்தின் மொத்தப் பால் ஏறக்குறைய வந்துவிடும் என்பது அனுபவஸ்தர்கள் போடும் கணக்கு. அதன்படி 305 நாள் கறவைக்கு 2,400 லிட்டர். அடுத்த கன்று போடப் பதினாலு மாதம் ஆகிறது என்று வையுங்கள். அதாவது 425 நாள். மீதி 120 நாள் மாடு வற்றி நிற்கும். அப்போதும் அது தின்னும்.

ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை 35 ரூபாய் ஆக்கியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் சொசைட்டியில் விலையும் குறையும். அதை விட்டுவிட்டு முழு 38 ரூபாயே வைத்துக்கொள்வோம்: 2,400 லிட்டருக்கு 91,200 ரூபாய் வரவு. இனி செலவு. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் கலப்புத் தீவனம் 960 கிலோ. உடம்பைக் காப்பாற்றத் தினம் ஒன்றரை கிலோ வீதம் 640 கிலோ. ஆக 1,600 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 48,000. பசுந்தீவனத்துக்கும் சோளத்தட்டுக்கும் நாளுக்கு 60 ரூபாய் என்றால் 25,500. கழித்தால் மிஞ்சுவது 17,700. பதினாலு மாதத்துக்கு வகுத்தால் மாட்டுக்கு மாதம் 1,264 ரூபாய். பத்து மாட்டுக்கும் சேர்த்து 12,600 சொச்சம்.

இந்தப் பன்னிரண்டாயிரத்தில்தான் கடன் தவணை, டாக்டர், சினை ஊசி, கரண்ட், ஆள் கூலி எல்லாம் அடங்க வேண்டும். பத்து மாட்டை ஒற்றை ஆளால் பார்க்க முடியாது. மடிநோய் ஒரு காம்பில் வந்தாலே அந்த ஈத்தின் லாபம் போய்விடும். மாடு பருவத்துக்கு வந்த அறிகுறியை ஒரு ராத்திரி கவனிக்காமல் விட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். அடுத்த கன்று தள்ளிப்போக, வற்றுக் காலமும் அவ்வளவு நீளும். வற்றிய மாட்டுக்கு அந்த 21 நாள் தீனி மட்டும் 2,200 ரூபாய்.

மாடு வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது நஷ்டம். சந்தைக்குக் கொண்டுவரும் மாட்டை முந்தின வேளை கறக்காமல் விடுவார்கள். மடி பால் கட்டிப் பளபளவென்று பூரித்து நிற்கும். புதிதாக வாங்குகிறவன் அதைப் பார்த்து மயங்குவான். தரகர் விலை பேசத் துண்டுக்குள் விரலைப் பிடிப்பார். விவரம் தெரிந்தவர் இரண்டு வேளை முன்னால் நின்று கறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் முன்பணம் கொடுப்பார்.

"நம்ம பாட்டி, அம்மா எல்லாம் மாடு வச்சுத்தானே குடும்பத்தை நிமிர்த்தினாங்க?" என்பார்கள். நிமிர்த்தினார்கள், உண்மைதான். எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மா விடிகாலை நாலு மணிக்குக் கட்டுத்தரையில் சாணி அள்ளத் தொடங்குவாள். கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வரப்புப் புல்லை அறுத்துத் தலையில் சுமந்துவருவாள். சாயங்காலம் திரும்பவும் அதே. அவளுக்கு யாரும் ஒரு ரூபாய் கூலி தந்ததில்லை. தட்டு எங்கள் காட்டிலேயே விளைந்தது, புல்லும் காசு கொடுத்து வாங்கியதல்ல. அந்த இரண்டு மாட்டில் மிஞ்சியதாக நாங்கள் நினைத்தது பால் லாபமே அல்ல, அம்மாவுக்குக் கொடுக்காத கூலி. வலது கைக் கட்டைவிரல் இன்றைக்கு அவளுக்கு மடங்குவதில்லை.

கிடேரிக் கன்று பிறந்தால் சொத்துத்தானே என்று தங்கை மகன் கேட்டான். சொத்துத்தான். ஆனால் பிறப்பதில் பாதி காளைக் கன்று. கிடேரியும் முதல் கன்று போடக் குறைந்தது இரண்டரை வருஷம் தின்ன வேண்டும். அந்தத் தீனி அவன் தாளில் எங்கும் இல்லை.

மாடே வளர்க்காதே என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொந்தத் தீவன நிலமும், வீட்டில் இரண்டு பேர் உழைப்பும் உள்ளவர்களுக்கு மாடு இன்றைக்கும் கைகொடுக்கிறது. ஆனால் கடன் கொடுக்கும் இடங்களில் திட்ட அறிக்கை பதினாலு மாதத்துக்குப் போடப்பட வேண்டும். வற்றுக் காலமும் வீட்டுப் பெண்களின் கூலியும் அதில் வர வேண்டும். பால் விலை நிர்ணயிக்கும்போதும் அந்தக் கூலி கணக்கில் ஏற வேண்டும். இதைக் கேட்காமல் லாபப் பண்ணை என்று ஆசை காட்டுகிறவர்கள் பிறர் வீட்டு நகையோடு விளையாடுகிறார்கள்.

தங்கை மகனிடம் இப்போதைக்கு இரண்டு மாடு போதும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு ஈத்து முடிந்து, வற்றி, அடுத்த கன்று போடும்வரை வரவையும் செலவையும் அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். யோசிக்கிறேன் மாமா என்றான்.