காதில் விழுந்தவையும் கேட்டவையும்

முத்தமிழ் என்னும் சொல்லை உச்சரிக்காமல் ஒரு தமிழாசிரியரின் கல்வியாண்டு நிறைவுறுவதில்லை. இயல், இசை, நாடகம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறோம். எண்ணிக் காட்டிய பின் இயலை மட்டும் நடத்துகிறோம். இசைத்தமிழ் நம் பாடத்திட்டத்தில் பெயரளவில் நிற்பதைக் குறித்து நானும் நெடுங்காலம் கவலைப்பட்டவன் அல்லன். என்னைக் கவலைப்பட வைத்தவர் ஒரு மாணவி.

2023ஆம் ஆண்டின் இறுதியில் முதுகலை வகுப்பில் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பராபரக்கண்ணியை நடத்திக்கொண்டிருந்தேன். இராமநாதபுரம் சீமையின் குணங்குடியில் 1792இல் பிறந்து, சென்னையில் 1838இல் மறைந்த அந்த ஞானியின் வரலாற்றைச் சொன்னேன். சூஃபித் தத்துவத்தைச் சொன்னேன். சித்தர் மரபோடு அவருக்குள்ள உறவைச் சொன்னேன். அம்மாணவி எழுந்து, “ஐயா, இதை எப்படிப் பாடுவார்கள்?” என்று வினவினார். கண்ணி என்பது ஈரடிகளால் ஆவது; இரண்டிரண்டு பூக்களாக வைத்து மாலை தொடுப்பது போன்றது என்று விளக்கினேன். “அது யாப்பு ஐயா. நான் மெட்டைக் கேட்டேன்” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் விடை என்னிடம் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் பாடல்களை ஒருமுறையேனும் ஒருவர் பாட நான் கேட்டதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவ்வாறாயின் என் செவி இத்தனை ஆண்டுகளாக எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது? இதற்கு விடை காண 2024 சனவரி முதல் நாள் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன். அன்று கேட்ட பாடல் எது, பாடியவர் யார், எங்கே கேட்டேன், நானாக விரும்பிக் கேட்டதா என நாள்தோறும் உறங்குமுன் நான்கு குறிப்புகள். திருக்குர்ஆன் ஓதுதலை இக்கணக்கில் சேர்க்கவில்லை. எகிப்து நாட்டுக் காரி அப்துல் பாசித் அப்துஸ் ஸமத் (1927–1988) அவர்களின் கிராஅத் எங்கள் இல்லத்தில் வைகறையில் ஒலிப்பதுண்டு. அதனைக் கேட்கும் மனநிலை வேறு. அதற்குரிய ஒழுக்கமும் வேறு. ஆதலின் அதனை இசை என்னும் தலைப்பின்கீழ் எழுத என் கை ஒப்பவில்லை.

இச்செய்தி எப்படியோ வெளியே பரவிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவந்தபோது பெரியவர் ஒருவர், “பாட்டுக் கேட்பதே ஒரு பேச்சுக்குரிய செய்தி. அதற்குக் கணக்கு வேறு எழுதுகிறீர்களாமே!” என்று புன்னகையோடு கேட்டார். அவர் கேள்வியைப் புறக்கணிக்க நான் விரும்பவில்லை. இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் ‘ஸமா’ எனப்படும் இசை கேட்டலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, எது ஆகும், எது ஆகாது என்று ஆராய்ந்துள்ளார். அவருக்கு மாறான கருத்துடையோரும் பேரறிஞர்களே. அவர்களிடையே தீர்ப்புச் சொல்லும் தகுதி தமிழ் கற்பிக்கும் எனக்கில்லை. எனினும் ஒன்று சொல்லலாம். இசைக்கருவிகளை விலக்குவோரிலும் பலர், நல்ல சொற்களை மனிதக் குரலில் பாடுவதை விலக்குவதில்லை. நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அக்குரலைப் பற்றியதே.

நிற்க. குறிப்பேட்டுக்கு வருவோம்.

சனவரிப் பக்கங்கள் எனக்கே பெருமை தருகின்றன. ஷேக் சின்ன மௌலானா அவர்களின் நாதசுவரத்தை ஒரு வாரம் முழுவதும் விரும்பிக் கேட்டிருக்கிறேன். ஆந்திரத்துக் கரவதியில் 1924இல் பிறந்து, திருவரங்கத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999இல் மறைந்த பெருங்கலைஞர் அவர். ஒரே இராகத்தை அவர் விரித்துக்கொண்டு செல்லும்போது, அவசரம் என்பதையே அறியாத ஒரு மனத்தின் அருகில் அமர்ந்திருப்பதாகத் தோன்றும்.

பிப்ரவரி முதல் அப்பெருமை குன்றத் தொடங்குகிறது. பேருந்தில் ஓட்டுநர் வைத்த பாடல், திருமண மண்டபத்து ஒலிபெருக்கியில் உரையாடலை விழுங்கிய பாடல், தேநீர்க்கடைப் பாடல், அடுத்த வீட்டுப் பாடல். இவை போகட்டும். என் கையிலுள்ள கைப்பேசியிலும் நான் ஒரு பாடலைத் தேர்ந்தால், அது முடிந்ததும் அடுத்ததைக் கைப்பேசியே தேர்ந்துவிடுகிறது. முன்பு எதைக் கேட்டேனோ அதைப் போன்ற ஒன்றையே மறுபடியும் தருகிறது. சில நாட்களில் ஒரு பாடலைக்கூட முழுமையாகக் கேட்கவில்லை. அரை நிமிடத் துணுக்குகளே அப்பக்கங்களை நிரப்பியுள்ளன. ‘நானாக விரும்பிக் கேட்டதா?’ என்ற இடத்தில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதி எழுதி, மார்ச்சுத் திங்களில் அவ்விடத்தை வெறுமையாக விடத் தொடங்கிவிட்டேன்.

வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். படிக்க வாய்ப்பில்லாதவனும் கேட்டாவது அறிவு பெறுக என்பது அவர் நெஞ்சம். கேள்வி என்பது முயற்சியுடைய செயல். நாடிச் சென்று பெறுவது. காதில் விழுவதற்கு முயற்சி வேண்டியதில்லை. என் ஓராண்டுக் குறிப்பேட்டில் நிறைந்திருப்பவை காதில் விழுந்தவை. கேட்டவை மிகச் சில.

அச்சிலவற்றுள் ரமலான் மாத நினைவுகள் முதலிடம் பெறுகின்றன. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் இல்லாமல் தமிழ் முஸ்லிம்களின் நோன்பு மாதத்தை எண்ணிப் பார்க்க இயலுமா? என் சிறுவயதில் வாப்பா வாங்கிவைத்திருந்த ஒலிநாடா தேய்ந்து, குரல் நடுங்கும் வரை அதனைக் கேட்டோம். அக்குரலைப் பிற சமயத்துத் தமிழரும் தம்முடையதாகவே கொண்டாடினர். இன்று அப்பாடல்கள் அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவை அழியமாட்டா என்னும் மன அமைதி எனக்குண்டு.

ஆனால் அதே ரமலானில் ஒரு நாள் ஸஹர் வேளையில், தெருவில் தப்ஸ் ஒலித்தது. என் இளமையில் பக்கீர்சாக்கள் நால்வர் ஐவராகத் தெருத்தெருவாகப் பாடிச் சென்று எங்களை எழுப்புவார்கள். இப்போது கதவைத் திறந்து பார்த்தேன். வயது முதிர்ந்த பாவா ஒருவர் மட்டும் தனியே பாடிக்கொண்டு சென்றார். கைப்பேசி மணியடித்து எழுப்பும் காலத்தில் அவரை எதிர்பார்த்துக் காத்திருப்போர் எவருமிலர். அவர் பாடிய பாடலை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. தெருமுனை திரும்பும் வரை நின்று கேட்டேன். அன்றைய குறிப்பில் ‘பாடல்: தெரியாது. பாடியவர்: தெரியாது’ என்றே எழுத நேர்ந்தது.

பக்ரீத் விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். என் உம்மாவின் தமக்கையார், எண்பது வயதைக் கடந்த பெரியம்மா, அங்கே இருக்கிறார். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆனால் அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழை, அதாவது அரபுத்தமிழை, இளமையில் நன்கு ஓதியவர். முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் மாலைகளும் வீட்டுக்குள் பெண்கள் கூடிப் பாடக் கேட்டு வளர்ந்தவர். இவ்விலக்கிய வகைகளைப் பற்றி மணிக்கணக்கில் வகுப்பெடுத்த நான், அவரிடம் ஒருநாளும் அவை பற்றிக் கேட்டதில்லை. ஒரு முனாஜாத்தைப் பாடிக் காட்டச் சொன்னேன். தொடங்கினார், இரண்டாம் அடியில் நின்றுவிட்டார்.

“மெட்டு இருக்கு வாப்பா, சொல்லுதான் போயிருச்சு. உங்கிட்டதான் புத்தகம் இருக்குமே. நீ சொல்லு, நான் இழுக்குறேன்.”

நான் ஓர் அடி படித்தேன். அவர் அதைப் பாடினார். மறு அடி படித்தேன், பாடினார். அச்சில் நான் பலமுறை கண்டு, சீர் பிரித்து, அணி கூறி, தேர்வுக்கு வினாவாக எழுதிய அதே அடிகள். அவை ஓர் அழுகையின் நடையில் அமைந்தவை என்பதை அன்றுதான் அறிந்தேன். என்னிடம் சொல் இருந்தது, மெட்டு இல்லை. அவரிடம் மெட்டு இருந்தது, சொல் இல்லை. இருவரும் ஒரே குடும்பத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் ஒரு பிற்பகல் கூட இதற்காக ஒன்றாக அமர்ந்ததில்லை.

பராபரக்கண்ணியிலிருந்தும் சில கண்ணிகளைச் சொன்னேன். “இது எங்க வாப்பா பாடுவாக” என்று கூறி, முதலடியைப் பாடினார். இரண்டாம் அடிக்கு மெட்டு எட்டவில்லை. என் மாணவியின் வினாவுக்குப் பாதி விடை கிடைத்தது. மொத்தம் எத்தனை மெட்டுகள் தெரிந்திருந்தன என்று கேட்டேன். “யாரு எண்ணுனா?” என்றார். அன்று அவர் நினைவில் நின்றவை ஐந்து.

பதிவு செய்யக் கைப்பேசியை எடுத்தேன். பெரியம்மா கையால் மறித்துவிட்டார். “குரலைப் பெட்டியில அடைக்க வேணாம். வேணும்னா உக்காந்து படிச்சுக்க” என்றார். எனக்குக் குரல் வளம் இல்லை. என் மகள் அமர்ந்தாள். மூன்று நாட்களில் இரண்டு முனாஜாத்துகளை மெட்டோடு கற்றுக்கொண்டாள்.

டிசம்பர் மாதம் வந்தது. பாடல் கேட்க உதவும் கைப்பேசிச் செயலி, நான் ஓராண்டில் கேட்டவற்றைத் தானே தொகுத்து, வண்ண வண்ணமாக ஒரு பட்டியலை அனுப்பியது. அதிகம் கேட்ட பாடலாக அது குறிப்பிட்டதை என் நினைவுக்குக் கொண்டுவரவே முடியவில்லை. வீட்டுப் பிள்ளைகள் என் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் வைத்த திரைப்பாடல் அது. ஸஹர் நேரத்துப் பாவா அப்பட்டியலில் இல்லை. பெரியம்மா இல்லை. எனக்கு அவ்வாண்டு முழுவதும் கேட்கத்தக்கதாய் இருந்தவை எவையோ அவை ஒன்றும் அதில் இல்லை. செயலியைக் குறை கூறுவதற்கில்லை. தன் வழியாகச் சென்றதைத்தான் அது எண்ணும். அதன் கணக்கையே நம் கணக்காகக் கொள்வதுதான் தவறு.

தமிழுக்கு இவ்விழப்பு புதியதன்று. பரிபாடல்கள் எழுபது என்பது மரபு. முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. உ.வே.சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த அந்நூலில், பாடல்களின் இறுதியில் பாடிய புலவர் பெயர் உண்டு; இசை வகுத்தவர் பெயர் உண்டு; பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயரும் உண்டு. எல்லாம் உண்டு, இசை மட்டும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தம் காலத்திலேயே இசைத்தமிழ் நூல்கள் பல இறந்துபட்டமையைக் குறிப்பிடுகிறார். தொலைந்த அந்த இசையைத் தேடியே ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. தொலைத்துவிட்டு ஆராய்வதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதற்கு இவ்விரு நூல்களே சான்று.

மாறாக, தேவாரப் பண்கள் ஓதுவார்களின் நாவில் வழிவழியாக வாழ்கின்றன. தக்கலையில் பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுவதும் கூடிப் பாடுகின்றனர். ஏட்டில் இருப்பதால் மட்டும் பாட்டு வாழ்வதில்லை. பாடுவோர் இருந்தால் வாழ்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட காப்பியம். அவ்விருத்தங்களை இசையோடு ஓதிப் பொருள் சொன்ன பெரியோர்களின் குரலைக் கேட்டவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்கள்?

ஆகவே என் வேண்டுகோள்கள் மிக எளியவை. நம் துறையில் இசுலாமியத் தமிழ் இலக்கியம் பயிலும் ஒவ்வொருவரும் ஓராண்டில் ஒரே ஒரு பாடலையேனும் மெட்டோடு அறிந்த முதியவர் ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் இசைந்தால் பதிவு செய்யுங்கள். பாடியவர், ஊர், பாடும் வேளை, யாரிடம் கற்றார் என்பனவற்றைக் குறித்து வையுங்கள். இசையவில்லையாயின் வற்புறுத்த வேண்டா. அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பெண்கள் மட்டும் கூடிப் பாடியவற்றை மாணவியரே எளிதில் பெற முடியும். அவ்வகையில் அவர்கள் எங்களினும் பேறு பெற்றவர்கள். சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பிள்ளைகள் வந்து கேட்கும்போது, “அதெல்லாம் பழைய காலத்துப் பாட்டு” என்று அனுப்பிவிடாதீர்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் பாடலை நடத்துமுன், அதனைப் பாடத் தெரிந்த ஒருவரை வகுப்புக்கு அழைப்போம். ஒரு மணி நேர விளக்கத்துக்கு முன் ஐந்து மணித்துளி அவர் குரல் ஒலிக்கட்டும்.

பராபரக்கண்ணியின் இரண்டாம் அடிக்குரிய மெட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இம்மலரைப் படிக்கும் எவருடைய இல்லத்திலேனும் அதனை அறிந்தவர் இருப்பின் துறைக்குத் தெரிவியுங்கள். நான் வந்து கேட்கிறேன். அந்த மாணவியையும் அழைத்து வருகிறேன்.