ரசமட்டமும் ரெக்கார்டும்

இசைத்தட்டின் வரியில் ஓடும் ஊசிக்குப் பாட்டும் பக்கத்து அறைக் கதவு அறையும் சத்தமும் ஒன்றுதான். அது அறிவது அசைவு மட்டுமே. மெல்லிய ஒலிகளுக்கு வரியின் சுவரில் வெட்டப்பட்டிருக்கும் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த நெளிவிலிருந்து மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜ் எடுத்துத் தரும் மின்னழுத்தம் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை ஆம்ப்ளிபயரின் ஃபோனோ பகுதி சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. அதோடு விடுவதில்லை. அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ 1954இல் வகுத்த முறைப்படி, தட்டை வெட்டும்போது கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்து வெட்டுகிறார்கள். கேட்கும்போது அவற்றை மீண்டும் உயர்த்த வேண்டும். அதனால் 20 ஹெர்ட்ஸ் அதிர்வு, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏறத்தாழ 9 மடங்கு கூடுதலாகப் பெருகுகிறது. மோட்டாரின் உறுமலும் மேசையின் நடுக்கமும் குடியிருப்பது இந்தக் கீழ்ப்பகுதியில்தான். ஆகவே டர்ன்டேபிளுக்கு வீட்டிலேயே செய்யத் தகுந்த வேலைகள் இரண்டு வகைக்குள் அடங்கும்: வேண்டாத அசைவு ஊசிக்கு எட்டாமல் பார்ப்பது, ஊசியை வரிக்குள் சரியான கோணத்தில் நிற்க வைப்பது. மற்றவை பெரும்பாலும் அலங்காரம்.

வேலை தரையிலிருந்து தொடங்குகிறது. மேல்நாட்டு நூல்கள் டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகையின்மேல் வைக்கச் சொல்லும். அங்கே மரத்தரை, ஆள் நடந்தால் தரை துள்ளும், ஊசியும் துள்ளும். சிமென்ட் தரையும் மொசைக்கும் உள்ள வீட்டில் அந்தக் கவலை குறைவு. இங்கே வழக்கமான குற்றம், ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே ஷோகேஸின்மேல் வைப்பது. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. சுழலாமல் நிற்கும் தட்டின்மேல் ஊசியை இறக்கிவிட்டு, ஒலியளவை மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். வழக்கமாகக் கேட்கும் அளவை எட்டுமுன்பே ஊளைச் சத்தம் கிளம்பினால் இருவரையும் பிரித்தாக வேண்டும். தனி மேசைக்கு இடமில்லாத வீட்டில் கடப்பைக் கல் பலகை ஒன்று கைகொடுக்கும். ஆனால் வெறும் கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அதன் அடியில் மென்மையாக ஏதேனும் இருந்தாக வேண்டும். குறைவாகக் காற்றடித்த சைக்கிள் டியூப் போதும். காற்று கூடி டியூப் விறைத்துவிட்டால் பயன் போய்விடும். கனமான கல்லும் இளகிய தாங்கலும் சேர்ந்தால்தான் அதிர்வு வடிகட்டப்படும்.

சில டர்ன்டேபிள்களில் இந்த ஏற்பாடு உள்ளேயே உண்டு. எட்கர் வில்ச்சர் 1961இல் கொண்டுவந்த ஏஆர் டர்ன்டேபிளில் ரெக்கார்டைச் சுழற்றும் பிளாட்டரும் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மும் ஒரே சட்டத்தில் அமைந்து ஸ்பிரிங்குகளில் தொங்கின; மோட்டார் தனியே நின்றது. மேற்பலகையைத் தட்டினாலும் ஊசி தாவாது என்பதே அதன் புகழ். தோரன்ஸ் டிடி 150, லின் எல்பி 12 ஆகியவை அந்த வழியில் வந்தவை. இவற்றின் அடியில் டியூபும் வைத்தால் ஒரு ஸ்பிரிங்கின்மேல் இன்னொரு ஸ்பிரிங் ஆடும்; இலேசான, ஆடாத மேசையே இவற்றுக்குப் போதும்.

அடுத்தது மட்டம். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பெட்டியின்மேல் அல்ல, பிளாட்டரின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி மட்டமாக இருந்தும் பிளாட்டர் சாய்ந்திருப்பது பழைய கருவிகளில் சாதாரணம். சாய்வை வாஷர்களால் சரிசெய்யலாம். பாட்டு ஓடும்போது பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வைப்பதற்குச் செலவே இல்லை. மூடி மேளத்தின் தோல்போல அறையின் ஒலியை வாங்கி, அதைக் கீல் வழியாகப் பெட்டிக்குள் இறக்குகிறது.

மோட்டாரும் பேரிங்கும் பொறுமை கேட்கும் பகுதி. பல ஆண்டு கிடந்த கருவியில் எண்ணெய் பிசினாகியிருக்கும். துடைத்தெடுத்துத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைச் சில துளி விட்டால் உறுமல் கணிசமாகக் குறையும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையங்களும் காலப்போக்கில் கல்லாகிவிடும், மாற்றிவிடுவது நல்லது. காரார்டு 301, 401 போன்றவற்றில் பிளாட்டரைச் சுழற்றுவது ரப்பர் சக்கரம். அதை அழுத்திய நிலையிலேயே பல மாதம் விட்டுவைத்தால் ஓரிடம் தட்டையாகி, சுற்றுக்குச் சுற்று ‘தொப் தொப்’ என்று ஒலிக்கும்.

வேகத்தில் இந்தியாவில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டி ஓடும் சின்க்ரனஸ் மோட்டார் கொண்ட அமெரிக்கக் கருவி 60 ஹெர்ட்ஸுக்கானது. இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 27.8 சுற்றுதான் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பயனில்லை. அது வோல்டேஜை மாற்றும், அலைவெண்ணை மாற்றாது. மோட்டார் புல்லியை மாற்ற வேண்டும். வேகத்தைச் சோதிப்பதற்கு அச்சிடும் கோட்டுத் தட்டிலும் 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடுகள் தேவை. 216 கோடுள்ளது அமெரிக்காவுக்கானது. கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றனவா என்பதைப் பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பார்ப்பதே உத்தமம். எல்இடி விளக்குகள் பலவும் கோடுகளை நிறுத்திக் காட்டுமளவுக்கு விட்டுவிட்டு ஒளிர்வதில்லை.

பிளாட்டர் விரிப்பைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. ரப்பரோ, கேஸ்கெட் விற்கும் கடையில் கிடைக்கும் கார்க் ஷீட்டோ, தட்டு வழுக்காமல் படிந்தால் சரி. விரிப்பின் தடிமன் மாறினால் டோன் ஆர்மின் உயரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

காது உடனே உணரும் மாற்றம் கார்ட்ரிட்ஜைப் பொருத்துவதில் இருக்கிறது. தட்டை வெட்டும் கருவி நேர்கோட்டில் நகர்கிறது. டோன் ஆர்ம் வில்லாக வளைந்து நகர்கிறது. எனவே ஊசி வரியோடு முழுமையாக ஒத்துப்போவது இரண்டே இடங்களில். 1938இல் லோஃப்கிரனும் 1941இல் பேர்வால்டும் இதற்குக் கணக்கிட்டுத் தந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் அளவில் அந்த இடங்கள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் விழுகின்றன. இந்தப் புள்ளிகளைக் கொண்ட காகித அளவியை வீட்டு பிரின்டரிலேயே அச்சிடலாம். அச்சிட்டதும் ஸ்கேலால் அளந்து பார்ப்பது கட்டாயம். பிரின்டர் தாளுக்கேற்பப் படத்தைச் சுருக்கியிருந்தால் மொத்த உழைப்பும் வீண். தவறின் விலை தட்டின் உட்பகுதியில் தெரியும். வெளிவிளிம்பில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடும் வரி, லேபிளருகே 21 சென்டிமீட்டராகக் குறைகிறது. அதே ஒலியின் நெளிவு பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. கடைசிப் பாட்டில் ‘ச’கரங்கள் சீறுவது இதனால்தான்.

ஊசியின் அழுத்தத்தை 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசால் அளக்கலாம். தராசின் தட்டு, ரெக்கார்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் தட்டு பிழைக்கும் என்ற நம்பிக்கை தவறு. குறைவான அழுத்தத்தில் ஊசி சுவரைவிட்டு எகிறி எகிறி விழுந்து வரியைச் சிதைக்கும். தயாரிப்பாளர் 1.5 முதல் 2 கிராம் என்றால் மேல்பாதியில் வைப்பதே நலம்.

டோன் ஆர்மின் செயல்படு எடையும் கார்ட்ரிட்ஜின் எடையும் ஊசியின் இளக்கமும் சேர்ந்து ஓர் இயல்பு அதிர்வைத் தருகின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்தோடு மோதும், மேலே போனால் இசையில் கலக்கும். 159ஐ, மொத்த எடையையும் இளக்கத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விடை. எடை 18 கிராம், இளக்கம் 15 அலகு என்றால் 9.7 ஹெர்ட்ஸ். விடை அதிகமாக வந்தால் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லில் சிறிது எடை கூட்டலாம். அதற்கு நாணயம் ஒட்டுவது ஆபத்து: இன்றைய ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகு, கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது காந்தம். பித்தளை வாஷர் போதும். கூட்டியபின் அழுத்தத்தை மறுபடி அளக்க வேண்டும்.

ஊசியைச் சுத்தம் செய்ய மெலமைன் பஞ்சுத் துண்டின்மேல் நேராக இறக்கி நேராகத் தூக்கலாம். பக்கவாட்டில் இழுத்தால் ஊசித் தண்டு ஒடியும். வினைல் தட்டுகளைக் கழுவும் நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்ப்பவர்கள் உண்டு. 78 சுற்றுத் தட்டுகளுக்கு அது கூடவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரையும்.

கடைசியாக ஒயர். விலையுயர்ந்த கேபிளைவிட நீளம் குறைந்த கேபிள் முக்கியம். கார்ட்ரிட்ஜின் சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. 500 மில்லிஹென்றி சுருளோடு 300 பிகோஃபாரட் சேர்ந்தால் அது 13,000 ஹெர்ட்ஸில் விழுந்து ஒலியைக் கூசச் செய்யும். 150 ஆகக் குறைத்தால் 18,000ஐத் தாண்டிப் போய்விடும். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் டர்ன்டேபிளின் எர்த் ஒயர் ஆம்ப்ளிபயரின் திருகில் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு கார்ட்ரிட்ஜை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் எர்த்தை வெட்டிவிடும் பழைய யோசனை மட்டும் வேண்டாம். இரைச்சல் நிற்கலாம், ஆம்ப்ளிபயரின் தகட்டில் மின்சாரம் கசிந்தால் தொட்டவருக்குக் காப்பு இராது.