ஏடு யார் கையில்?

நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் பெரிய வீடுகளில் பல, பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணத்தால் எழுந்தவை. வட்டித் தொழிலை நாம் வாழ்த்தப் போவதில்லை. ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ரங்கூன் கடையில் ஏஜெண்டு எழுதிய பேரேடு அங்கேயே முடங்கிவிடாது; அதன் ஐந்தொகை கப்பலேறி ஊருக்கு வரும். அங்கே ஓர் எண்ணைத் திருத்தினால் இங்குள்ள ஏடு காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று 'பிளாக்செயின்' என்று பெரிதாகப் பேசப்படுவதும் ஏறத்தாழ இதுதான். ஒரே பேரேட்டின் படிகள் பல கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் முத்திரையைத் தாங்கி நிற்கும். சைபர் குற்றப் புகார்களையும் டிஜிட்டல் சாட்சியங்களையும் இதில் பதியலாம் என்கிறார்கள். வரவேற்கிறோம். 2020லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்ட மாநிலம் இது; 'நம்பிக்கை இணையம்' என்று பெயரும் சூட்டியாகிவிட்டது!

கூலிப் பணத்தைப் பறிகொடுத்து 1930க்குப் பேசும் கொத்தனார் கையில் மிஞ்சுவது ஒரு புகார் எண். அவர் கொடுத்த ஒலிப்பதிவு, வழக்கு மன்றம் ஏறும் நாளில் அதே உருவில் இருக்குமா? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, சான்றிதழில் 'ஹாஷ்' எண்ணைக் குறிக்கச் சொல்கிறது. அது கோப்பின் கைரேகை; ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். நல்லது. அந்தக் கைரேகையை எப்போது எடுக்கிறார்கள்? அதுதான் நம் கேள்வி.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5இல், 84ஆம் வயதில் மாண்டார். அவருடைய கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன என்ற அமெரிக்க நிறுவனம் அர்சனல் கன்சல்டிங்கின் அறிக்கை 2022 டிசம்பரில் வெளிவந்தது. இந்நிறுவனத்தின் முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. எது மெய் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் திணித்த பின் முத்திரையிட்டால், பிளாக்செயின் அந்தப் பொய்யையும் அல்லவா பத்திரமாகக் காக்கும்?

ஆகவே, கருவியைக் கைப்பற்றிய இடத்திலேயே, உரியவர் கண்முன் ஹாஷ் எண் எடுத்து, கையோடு எழுதிக் கொடுக்க ஆளவந்தார்கள் ஆணையிட வேண்டும். பேரேட்டின் ஒரு படி நீதிமன்றத்தில் இருக்கட்டும். காவல்துறையிடம் மட்டுமே இருந்தால், அது ஊருக்கு வராத ரங்கூன் கணக்குதான். அதுவரை, புகார் கொடுக்கப் போகும் தொழிலாளியோடு துணைக்குச் செல்லும் கிளைத் தோழர்கள், அவருடைய கைப்பேசியிலுள்ள மூலச் செய்தியை அழிக்க விடாதீர்கள். ஒப்படைத்த ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள்.