இரண்டாண்டுப் படிப்பும் தாராவிப் பெண்களும்

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் பயிற்சி பெற்ற நர்சுகள் ஏறத்தாழ 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். பம்பாயில் பெண்களுக்கான காமா மருத்துவமனை 1886இலேயே திறக்கப்பட்டுவிட்டது. 1891இல் காசிபாய் கண்பத் என்ற இந்தியப் பெண் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஆனாலும் அவர் வழியில் பெண்கள் திரளாக வரவில்லை. அந்நியரைத் தொட வேண்டும், ரத்தமும் மலமும் அள்ள வேண்டும், இரவு வீடு திரும்ப முடியாது. சாதியும் மானமும் பேசிய குடும்பங்கள் மகளை அனுப்பவில்லை. அனுப்ப மனமிருந்த ஏழைக் குடும்பங்களின் மகள்களோ பள்ளிப் படிப்பை முடித்திருக்கவில்லை.

இதற்குத் தீர்வாகத்தான் செவிலியரில் இரண்டு நிலைகள் வந்தன. நடுநிலைப் பள்ளிப் படிப்போடு இரண்டாண்டு பயின்று வேலைக்கு வரும் ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு 1951இல் பஞ்சாபின் தர்ன் தாரன் நகரில், செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் தொடங்கியது. நாட்டின் கோடிக்கணக்கான பிரசவங்களையும் தடுப்பூசிகளையும் தாங்கியது இந்த நிலைதான். அமெரிக்காவும் இதே பற்றாக்குறையில்தான் உரிமம் பெற்ற இளநிலை நர்சுகளை உருவாக்கிக்கொண்டது.

பம்பாயிலும் சென்னையிலும் 1988இல் உலக வங்கிக் கடனோடு ஐந்தாம் மக்கள்தொகைத் திட்டம் வந்தபோது, குடிசைப் பகுதிகளுக்கு ஹெல்த் போஸ்ட் என்ற சிறு நிலையங்கள் கிடைத்தன. பம்பாயின் தாராவியில் ஏ.என்.எம். வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஐஸ் பேக் அடுக்கிய தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்தில் சிஸ்டர் நடக்கிறார். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மேல்வீட்டுக்கு வழி செங்குத்தான இரும்பு ஏணி. ஒரு கையால் ஏணியைப் பிடித்து ஏறுகிறார். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சதுரம் வெப்பம் பட்டுக் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போலியோ சொட்டு. பிறகு குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை, கதவில் சாக்பீஸ் குறி. தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தாயிடம் தமிழில் பேசி, பக்கத்து வீட்டில் இந்திக்கு மாறி, பதிவேட்டில் மராத்தியில் எழுதுவார். 2014 மார்ச்சில் இந்தியாவுக்கு போலியோ ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்ததில் இந்த ஏணிகளுக்கும் பங்குண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா தாராவிக்குள் நுழைந்தபோதும் வீடு வீடாகப் போனவர்களில் இவர்கள் இருந்தார்கள்.

இந்த வேலைக்குத் தாராவித் தமிழ்ப் பெண்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? மூன்று மொழி தெரியும், சந்துகள் தெரியும், சயான் மருத்துவமனை நடக்கிற தூரம். ஆனால் ஏ.என்.எம். படிப்பில் சேரும் வாசல் உயர்ந்துகொண்டே போயிற்று. நடுநிலைப் பள்ளி பத்தாம் வகுப்பாகி, இப்போது பன்னிரண்டாம் வகுப்பாகியிருக்கிறது. தரத்துக்காக உயர்த்தினார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. தமிழ் வழியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்த பெண் அந்த உயரத்தை எட்ட யார் கைகொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

இன்னொரு பூட்டும் உண்டு. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தலித் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தாராவியில் இருக்கின்றன. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலும் 1994இலும் தீர்ப்பளித்தது. சாதி இழிவு ரயிலேறிக் கூடவே வந்தது. அதற்கான பரிகாரம் ஊரிலேயே நின்றுவிட்டது. இதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

வாசலில் நுழைய முடியாத பெண் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. தெருமுனையில் ஆறு மாதப் படிப்பு விற்கிறார்கள். சான்றிதழில் பெரிய முத்திரை இருக்கும். நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்காது. அதோடு மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு நர்சிங் ஹோமில் சேர்கிறாள், அல்லது ஒரு நர்ஸ் பியூரோ வழியாக முதியவர் வீட்டில் பன்னிரண்டு மணி நேர ட்யூட்டிக்குப் போகிறாள். நோயாளி அவளை சிஸ்டர் என்கிறார். சம்பளம் மட்டும் மாவ்ஷியின், அதாவது ஆயாவின், சம்பளம். நர்சிங் ஹோம்களில் தகுதி பெற்ற நர்சுகள் போதிய விகிதத்தில் இருக்க வேண்டும் என்று பம்பாயில் 1949இலேயே சட்டம் வந்தாயிற்று. அதை அமல்படுத்தாததன் சுமையை ஊசி போட்டுக்கொள்பவரும், போடக் கற்றுத்தரப்படாமல் போடுகிற அந்தப் பெண்ணும் சுமக்கிறார்கள்.

பிரிட்டன் 1943இல் இத்தகைய இரண்டாம் நிலையைச் சட்டமாக்கியது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த பெண்கள் பலரை அதற்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். மேலே ஏற வழி குறுகலாக இருந்தது. பிறகு அந்தப் பயிற்சியையே கைவிட்டு, பின்னாளில் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம். முழுச் செவிலியர் படிப்பான ஜி.என்.எம். முடித்தவர் இரண்டாண்டு படித்து பி.எஸ்சி. பட்டம் பெறலாம். ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம். சேர்ந்தாலோ, அவர் பார்த்த பிரசவங்களும் போட்ட ஊசிகளும் கணக்கில் வராமல், மூன்று ஆண்டுகளையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. புதிய பாடத்திட்டங்களை வகுக்கும்போது ஏ.என்.எம். படிப்பில் ஓராண்டையாவது ஜி.என்.எம். படிப்பில் கழித்துத் தர வேண்டும். மகாராஷ்டிர அரசு, மும்பையிலேயே பிறந்து பள்ளி முடித்த தமிழ் தலித் மாணவிகளுக்குக் கல்விக் கட்டணத்தையாவது ஏற்க வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பள்ளி, கல்லூரி, சபை என்று நன்றாகவே கட்டி வளர்த்த நம் தமிழ்ச் சங்கங்கள், தாராவியில் பத்தாம் வகுப்போடு நிற்கும் பெண்களுக்கு அடுத்த இரண்டு வருடப் படிப்புச் செலவையும் ஆங்கில வகுப்பையும் இந்த ஜூன் மாதமே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.