சதுரங்கம் ஆடுவார்க்கு வேண்டுவன

2022ஆம் ஆண்டில் மாமல்லபுரத்திற் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024ஆம் ஆண்டிற் சென்னை இளைஞராகிய குகேஷ், 18 வயதிலேயே, சிங்கப்பூரில் உலக வாகை சூடினார். அதுமுதல் நம் விடுதிகளிற் சதுரங்கம் பேசாதார் அரியர். பட்டத்தை விரும்பாது, மாலைப்பொழுதை இனிது கழிக்க ஆடுவார்க்கு எக்கருவிகள் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

அணிகலம்போற் செதுக்கிய காய்கள் கடையிற் கண்ணைக் கவரும். ஆடும்போதோ மந்திரி எது, சிப்பாய் எது என மயங்க வைக்கும். 1849ஆம் ஆண்டில் இலண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டாண்டன் வடிவமே இன்றும் போட்டிகளில் வழங்குவது. ராஜாவின் உயரம் 9.5 சென்டிமீட்டர் அளவும், கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டரும் இருத்தல் நன்று. அடியிற் கனம் வைத்த பிளாஸ்டிக் காய்களும் சுருட்டத்தக்க விரிப்பும் போதும். காந்தக் காய்கள் இரயிற் பயணத்துக்கே ஏற்றன.

நூலும் ஒன்றே அமையும். இர்விங் செர்னேவ் 1957ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'லாஜிகல் செஸ்' என்னும் நூல், 33 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணங் கூறுகின்றது. அதனைப் பலகையைப் பரப்பிக்கொண்டு படித்தல் வேண்டும். தொடக்க நகர்த்தல்களைத் தொகுத்த பெருநூல்களை மனப்பாடஞ் செய்வாரோ, எதிரி ஐந்தாம் நகர்த்தலில் வழி மாறிய அளவிலே திகைத்து நிற்பர்.

மென்பொருளுக்குக் காசு செலவிடுதல் வீண். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் என்னும் எஞ்சின் இலவசம். அதனை வெல்லவல்ல மனிதர் இன்று இலர். 2010ஆம் ஆண்டிற் தொடங்கிய லிசெஸ் என்னும் தளம், விளம்பரமுமின்றிக் கட்டணமுமின்றி நன்கொடையால் நடைபெறுவது. அதில் நாடோறும் பத்து நிமிடம் புதிர்களை அவிழ்த்தல் பெரும்பயன் தரும்.

ஆயின் எஞ்சினை எப்பொழுது நாடுவது? இதிலேதான் நம் நண்பர் பலரோடு எமக்கு வழக்கு. ஆட்டம் முடியுமுன்னரே மேசைக்கடியிற் கைப்பேசியை நோக்குவாரும் உளர். அவர் வென்றாலும் வென்றவர் அவரல்லர். எதிரேயிருந்த தோழனும் மறுநாள் ஆட வாரான். ஆட்டம் முடிந்தபின்னும், இடறிய இடத்தைத் தாமே தேடாமல் எஞ்சினை வினவுவோர், குறளை ஒருமுறையும் ஓதாது உரையைப் புரட்டும் மாணவரை ஒப்பர். பரிமேலழகராவது காரணங் கூறுவார். எஞ்சின் ஓர் எண்ணைக் காட்டி வாளா இருக்கும். ஆதலின் முதலில் இருவரும் கூடி ஆராய்க. ஐயம் எஞ்சினாற் பின்னர் அதனை அழைக்க.

விடுதிப் பொதுவறைக்கு நான்கு விரிப்பும் காய்களும், நூலகத்துக்குச் செர்னேவின் நூலில் இரண்டு படியும் வாங்கித் தருமாறு மன்றத்தாரை வேண்டுகின்றோம். கடிகாரம் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை ஒரு கைப்பேசியே அவ்வேலையைச் செய்யும், மேசையின் மேல் யாவரும் காணக் கிடக்குமாயின்.