பதிவேட்டில் இல்லாத காப்பகங்கள்

2024 ஆகஸ்டில் மகாராட்டிர மாநிலம் பத்லாப்பூரில், மழலையர் வகுப்புச் சிறுமியர் இருவர் பள்ளியிலேயே பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக வெளிவந்த செய்தி அந்நகரத்தையே இரயில் பாதைக்கு இழுத்து வந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கைதானவர் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட துப்புரவுப் பணியாளர். அவரைக் குழந்தைகளுக்கு நடுவே பணியமர்த்தும் முன் யார் விசாரித்தார்கள் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. நியாயமான கேள்விதான். எனினும் அது பள்ளியோடு நின்றுவிட்டது. பள்ளிக்கு அங்கீகார எண் உண்டு, கேள்வி கேட்கக் கல்வித் துறை உண்டு. பள்ளி வயதை எட்டாத, நடந்ததைச் சொல்லப் பேச்சே வராத குழந்தைகள் பகல் முழுதும் இருக்கும் காப்பகங்களுக்கு இவ்விரண்டும் இல்லை.

சரிபார்ப்புக்கான விதியே இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்புடைய எந்த நிறுவனமும், பள்ளியோ காப்பகமோ விளையாட்டுப் பயிற்சிக்கூடமோ, தன் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறைச் சரிபார்ப்புக்கும் பின்னணி விசாரணைக்கும் காலமுறையில் உட்படுத்த வேண்டும். நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு அதில் இல்லை. விதியின் சொற்களில் குறை காண்பது கடினம். ஆனால் அதை யார் யாரிடம் நிறைவேற்றச் சொல்வது? ஒரு நகரத்தில் எத்தனை காப்பகங்கள் இயங்குகின்றன என்ற பட்டியலே அரசிடம் இல்லாதபோது, அவற்றின் பணியாளர்கள் சரிபார்க்கப்பட்டார்களா என்று எந்த அதிகாரி எந்தக் கதவைத் தட்டுவார்?

தனியார் பகல்நேரக் காப்பகங்கள் அனைத்துக்கும் உரிமம் கட்டாயம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. அடுக்குமாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து, சுவரில் யானையும் பட்டாம்பூச்சியும் வரைந்து, வாசலில் பலகை மாட்டினால் காப்பகம் தொடங்கிவிடுகிறது. மாநிலங்கள் சிலவற்றின் விதிகளும் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களும் பெரிதும் மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் மழலையர் பள்ளிகளையே நோக்குகின்றன. அந்த வயதுக்குக் கீழே இருப்பது வெற்றிடம்.

இவ்வெற்றிடத்தை மறைப்பதில் சொல்லுக்கும் பங்குண்டு. தமிழில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்பது பெற்றோரற்ற பிள்ளைகள் தங்கி வளரும் இல்லத்தையும் குறிக்கிறது. தாய் பணிமுடிந்து வரும்வரை பிள்ளையை விட்டுவைக்கும் இடத்தையும் குறிக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் குழந்தைப் பராமரிப்பு நிறுவனங்களின் பதிவைக் கட்டாயமாக்கி, மீறினால் சிறையும் அபராதமும் விதிக்கிறது. கேட்பவர்க்கு எல்லாக் காப்பகங்களும் சட்டத்துக்குள் வந்துவிட்டன என்றே தோன்றும். ஆனால் அச்சட்டத்தின் வரையறையில் அடங்குபவை குழந்தைகள் இல்லம், திறந்தவெளிப் புகலிடம், கூர்நோக்கு இல்லம், தத்தளிப்பு நிறுவனம் போன்றவையே. மாலையில் வீடு திரும்பும் குழந்தையின் காப்பகம் அதில் இல்லை.

தொழிலாளர் சட்டங்களின் வழி நோக்கினால் வேறொரு சிக்கல் புலப்படும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொடங்கி 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வரை, காப்பகம் என்பது முதலாளியின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்றது. அதையொட்டி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் குறைந்தபட்ச வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவை வழிகாட்டுதல்களே. மேலும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் தெருவோரம் காய்கறி விற்கும் பெண்ணுக்கும் 50 பேர் கொண்ட நிறுவனம் ஏது? அவர்கள் பிள்ளையை விடும் இடம் எந்த முதலாளியின் கடமையிலும் சேராது.

சரிபார்ப்பின் வரம்பையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். காவல்துறைச் சான்று சொல்வதெல்லாம், இந்தப் பெயருடையவர்மீது இந்நாள்வரை எங்கள் ஆவணங்களில் வழக்கு இல்லை என்பது மட்டுமே. முதன்முறை குற்றம் இழைப்பவரை அது காட்டாது; புகாரே கொடுக்கப்படாத பழைய குற்றத்தையும் காட்டாது. 2018இல் தொடங்கப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் புலனாய்வு அமைப்புகளின் பார்வைக்கு மட்டுமே உரியது. காப்பகம் நடத்துபவர் அதில் தேட முடியாது. எனவே சான்று முதல் படி மட்டுமே. ஒரு பணியாளர் குழந்தையுடன் தனித்திருக்க நேராத ஏற்பாடு, பணியாளருக்கு இத்தனை குழந்தைகள்தாம் என்ற உச்சவரம்பு, பெற்றோர் எந்நேரமும் சொல்லாமல் வந்து பார்க்கும் உரிமை ஆகியவையே அன்றாடப் பாதுகாப்பு. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று வரலாம் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமையின் பயன் பாலூட்டலோடு முடிவதன்று. எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய கதவு எந்தச் சான்றிதழைவிடவும் வலிய கண்காணிப்பு.

உரிமம் என்றாலே கையூட்டுக்கு இன்னொரு வாயில் என்பாரும் உளர். கடும் நிபந்தனைகள் விதித்தால் எளியோர் குடியிருப்புகளில் ஓரறையில் நடக்கும் காப்பகங்கள் மூடப்படும் அல்லது மறைந்து இயங்கும். பிள்ளைகள் பூட்டிய வீட்டில் விடப்படுவர் என்பது அவர்கள் அச்சம். புறந்தள்ளத்தக்க அச்சமன்று. ஆகவேதான் பதிவையும் உரிமத்தையும் பிரித்து நோக்க வேண்டும். பதிவு கட்டாயமாகவும் கட்டணமின்றியும் இருக்கட்டும்: இடம், குழந்தைகளின் எண்ணிக்கை, பணியாளர் பெயர்கள், இவ்வளவே. தரநிலைகள் படிப்படியாக, அரசின் உதவியோடு வரட்டும். இங்கிலாந்தில் பதிவின்றிக் காப்பகம் நடத்துவதே குற்றம். இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருந்தாக வேண்டும். அந்த விகிதத்தை நாளையே இங்கு கேட்க முடியாது. ஆனால் பட்டியலை நாளையே தொடங்க முடியும். எளிய இடத்திலும் நல்ல பராமரிப்பு இயலும் என்பதை 1969இல் தில்லிக் கட்டுமானத் தளத்தில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பு காட்டியிருக்கிறது.

ஆயாக்களைப் பற்றியும் ஒரு சொல். சரிபார்ப்பு என்ற பெயரில் ஐயத்தின் சுமை முழுவதையும் குறைந்த ஊதியம் பெறும் பெண்கள்மீதே ஏற்றுவது அறமாகாது. சான்றுக்கான செலவை நடத்துபவர் ஏற்க வேண்டும். உரிமையாளரும் ஓட்டுநரும் காவலாளியும் அதே சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். பயிற்சியும் வாழத்தக்க ஊதியமும் இல்லாத பணியில் ஆட்கள் நிலைப்பதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் காப்பகத்தில் எந்தச் சான்றும் நேற்று வந்தவருடையதாகவே இருக்கும்.

ஒவ்வொரு கொடுமைக்குப் பின்னரும் கடுமையான தண்டனை வேண்டும் என்ற குரல் உயர்கிறது. தண்டனை, நடந்தபின் வருவது. உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் காப்பகங்களைக் கணக்கெடுத்து, அப்பட்டியலைப் பொதுவில் வைப்பது நடக்கும்முன் செய்யக்கூடியது. அது வரும்வரை போக்சோ விதியின் அந்த நல்ல வாக்கியம், முகவரி எழுதப்படாத கடிதமாகவே கிடக்கும்.