கீமோவுக்கு தேதி குறிச்சாச்சு... மனசுக்கு? புற்றுநோயாளிகளுக்கான இலவச ஆதரவு சேவைகள் ஏன் போய்ச் சேர்வதில்லை?

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து ஒரு குடும்பத்தின் கையில் சேரும் காகிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்கேனுக்கு ஒரு சீட்டு, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு, காப்பீட்டுக்கு ஒரு விண்ணப்பம், கீமோவுக்குத் தேதி போட்ட அட்டை. இவ்வளவு காகிதத்திலும் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் இருக்காது: 'ராத்திரி தூக்கம் வருதா? யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசணும்னு தோணுதா?'

இந்தக் கேள்வியைக் கேட்கவும், பதிலை உட்கார்ந்து கேட்கவும் ஆட்கள் இல்லாமல் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் பைசா செலவில்லாமல் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், தேவைப்படும் ஆளுக்கு அது தேவைப்படும் நேரத்தில் தெரிவதில்லை. அந்தத் தகவலைச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பது நம் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

எத்தனை பேருக்கு இது தேவை?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேருக்கு மனதளவில் உதவி தேவைப்படும்? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்த கட்டுரை, மருத்துவமனையில் இருக்கும் புற்றுநோயாளிகளில் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற ஏதோ ஒரு மனநிலைப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. அதாவது, கீமோ வார்டில் வரிசையாக மூன்று கட்டில்களைப் பார்த்தால், அதில் ஒருவருக்கு.

எப்போது தேவைப்படும் என்பது இன்னும் முக்கியம். சுவீடனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. நோய் உறுதியான முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல் இருந்தது. முதல் ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் 3 மடங்கு. எண்ணிக்கையாகப் பார்த்தால் இப்படி இறப்பவர்கள் மிகக் குறைவு, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. 'முதல்ல ட்ரீட்மென்ட் முடியட்டும், மனசையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் அந்த முதல் சில வாரங்கள்தான் மிகவும் கடினமானவை.

'தைரியமா இருங்க' என்று சொன்னால் போதாதா?

சொந்தக்காரர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் நோயாளி என்ன செய்கிறார்? 'சரி' என்று தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். பயமாக இருக்கிறது என்று அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பயிற்சி பெற்ற ஆலோசகர் வேறு மாதிரி பேசுவார். எதைப் பார்த்துப் பயம் என்று கேட்பார். வலியா, செலவா, முடி கொட்டுவதா, பிள்ளைகளின் படிப்பா, சாவா? ஒவ்வொன்றுக்கும் உதவி வேறு. வலி என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், செலவு என்றால் மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும், தூக்கமே இல்லை என்றால் மனநல மருத்துவரின் மருந்து தேவைப்படலாம். மொத்தமாக மிரட்டும் ஒரு பயத்தைப் பிரித்துக் கையில் கொடுப்பதுதான் அவருடைய வேலை.

இதற்கென்றே 'சைக்கோ ஆன்காலஜி' என்ற துறை இருக்கிறது. அமெரிக்காவில் டாக்டர் ஜிம்மி ஹாலண்ட் 1970-களில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் இதை வளர்த்தெடுத்தார். இன்று பல நாடுகளில் பயன்படும் 'டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர்' இந்தத் துறை தந்ததுதான். ஒரு தாளில் 0 முதல் 10 வரை அளவுகோல் போட்டு, 'கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனக்கஷ்டம் எவ்வளவு?' என்று கேட்பார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு நிமிடம். செலவு அவ்வளவுதான்.

பேசினால் புற்றுநோய் குணமாகுமா?

ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

1989-ல் ஸ்டான்போர்டில் நடந்த ஆய்வில், பரவிய நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் ஆதரவுக் குழுவில் கலந்துகொண்டவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாகத் தெரியவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2001-ல் 235 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனநிலை மேம்பட்டது, வலி உணர்வு குறைந்தது, குறிப்பாக ஏற்கெனவே அதிகம் கஷ்டப்பட்டவர்களுக்கு. அதுவே பெரிய விஷயம் இல்லையா? இருக்கிற நாளில் வேதனை குறைந்தால் போதாதா?

'பாசிட்டிவா நினைச்சா சரியாயிடும்' என்ற வாட்ஸ்அப் அறிவுரை ஆபத்தானது இதனால்தான். நோய் திரும்பி வந்தால், 'நான் சரியா நினைக்கலையோ' என்று நோயாளி தன்னையே குற்றம் சொல்லத் தொடங்குவார். நல்ல ஆலோசகர் அழுவதற்கும் இடம் கொடுப்பார்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பாஸ்டனில் பரவிய நிலை நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்து 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சையும், அதாவது மருத்துவமனைகளில் 'பாலியேட்டிவ் கேர்' என்று சொல்வதும், பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. அது கிடைக்காதவர்களில் 38 சதவீதம். பாலியேட்டிவ் என்றாலே 'கைவிட்டுட்டாங்க' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இலவசமா எங்கே கிடைக்கும்?

டெலி மானஸ் - 14416: மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். நோயாளி மட்டுமல்ல, கூட இருப்பவரும் அழைக்கலாம்.

104: தமிழக அரசின் மருத்துவ உதவி எண். மனநல ஆலோசனையும் உண்டு.

இந்தியப் புற்றுநோய் சங்கம் - 1800-22-1951: 1951-ல் தொடங்கப்பட்ட அமைப்பு, எண்ணின் கடைசியில் இருப்பதும் அந்த ஆண்டுதான். சிகிச்சை, நிதியுதவி பற்றிய தகவலோடு ஆலோசனையும் தருகிறார்கள்.

சினேகா - 044-24640050: சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம். 'இனி வாழ்ந்து என்ன?' என்ற எண்ணம் வந்தால் யோசிக்காமல் அழையுங்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை: 1954 முதல் இயங்கும் இங்கே சைக்கோ ஆன்காலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கே சிகிச்சை எடுப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்: மனநலப் பிரிவு ஓ.பி. உண்டு, கட்டணம் கிடையாது. புற்றுநோய்ப் பிரிவில் பார்க்கும் டாக்டரிடமே 'மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்க' என்று கேட்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் இதில் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆலோசனை என்ற பெயரில் மருந்து விற்பவர், கீமோவை நிறுத்தச் சொல்பவர், 'நிச்சயம் குணமாகும்' என்று உத்தரவாதம் தருபவர், இவர்களில் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

'அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்'

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. ரிப்போர்ட்டை மகன் வாங்குவார், மகள் படிப்பார், அப்பாவிடம் 'சின்னக் கட்டிதான்' என்பார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கீமோ வார்டில் போய் உட்காரும் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தெரியாததுபோல அவர் நடிப்பார், குடும்பமும் நடிக்கும். கடைசியில் ஒரே வீட்டில் நாலு பேர் தனித்தனியாக அழுவார்கள். எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச உதவுவதும் ஆலோசகரின் வேலைதான். 'அப்பா, உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?' என்ற ஒரு கேள்வியில் தொடங்கலாம்.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் அம்மாவின் சிகிச்சையைப் போனில் நடத்தும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருபவர் 'எனக்கென்ன, நோய் அம்மாவுக்குத்தானே' என்று நினைத்துக்கொள்வார். கவனித்துக்கொள்பவர் உடைந்துபோனால், கவனிக்கப்படுபவருக்கு யார்? உங்களுக்காக நீங்கள் அழைப்பது சுயநலம் இல்லை.

இனி என்ன செய்ய வேண்டும்?

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநல சேவைகளைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. அந்த உரிமை புற்றுநோய் வார்டின் வாசலில் நின்றுவிடக் கூடாது. புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம், மூன்று சின்ன வேலைகள் போதும்.

முதலாவது, அரசாகட்டும் தனியாராகட்டும், புற்றுநோய் உறுதியானதும் தரும் முதல் சீட்டிலேயே 14416 என்ற எண்ணும், அந்த மருத்துவமனையின் ஆலோசகர் உட்காரும் அறை எண்ணும் அச்சாக வேண்டும். இரண்டாவது, எடை, ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல ஒவ்வொரு வருகையிலும் அந்த 0 முதல் 10 கேள்வியை நர்ஸ் கேட்டுக் குறிக்க வேண்டும். மூன்றாவது, வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் நோயாளியிடம் கேட்பதைக் கூட இருப்பவரிடமும் கேட்க வேண்டும்.

'டாக்டர்களுக்கே நேரமில்லை, இதுக்கெல்லாம் எங்கே ஆள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நூற்றுக்கணக்கில் ஓ.பி. பார்க்கும் டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச முடியாது. அவர் பேச வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. 'இவரைப் போய்ப் பாருங்க' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அது நடக்கும்வரை, நாம் செய்ய ஒன்று இருக்கிறது. வீட்டிலோ, தெருவிலோ, ஆபீஸிலோ யாராவது சிகிச்சையில் இருந்தால், 14416-ஐ அவர்களின் மருத்துவ ஃபைலின் மேல் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது 'தைரியமா இருங்க' என்பதற்குப் பதில், 'எப்படி இருக்கீங்க, உண்மையைச் சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.